பையை அளந்தீர்களா, லேபிளை நம்பினீர்களா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொச்சி நெடும்பாசேரி விமான நிலையத்தில், சென்னை விமானம் ஏறும் வாசலருகே அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். காக்கநாடு இன்ஃபோபார்க்கிலிருந்து நேரே ஓடிவந்த தம்பி ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை ஆட, தரையில் மண்டியிட்டு முதுகுப்பையைப் பிரித்துக்கொண்டிருப்பார். இரண்டு ஜீன்ஸ், சார்ஜர், அம்மாவுக்கு வாங்கிய ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் வெளியே வரும். “போன தடவையும் இதே பைதான் சார், யாருமே கேக்கலையே” என்பார். போன தடவை கேட்காததெல்லாம் ஒரு வாதமா? ஊழியர் ஏற்கெனவே தராசைக் கைகாட்டிவிட்டார்.

இதை மாதத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிறேன். தவறு வாசலில் நடப்பதில்லை, பை வாங்கிய அன்றே நடந்துவிடுகிறது.

விதி புதிதல்ல. ஒருவருக்கு ஒரு கைப்பை என்று சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2000-லேயே சுற்றறிக்கை விட்டது. 2022 ஜனவரியில் அதைத் தூசி தட்டிக் கண்டிப்பாக்கினார்கள். உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்புக்கு 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டர். ஏர் இந்தியா இதை 55, 40, 20 என்று பிரித்துச் சொல்கிறது. இண்டிகோ 55, 35, 25 என்கிறது. இரண்டையும் கூட்டினால் அதே 115தான்.

வழுக்கி விழுவது இந்தக் கூட்டலில்தான். 60, 35, 20 கூட்டினாலும் 115 வருகிறது. ஆனால் வாசலில் வைத்திருக்கும் அளவுக் கூண்டுக்குக் கூட்டல் தெரியாது. 60 சென்டிமீட்டர் பை 55 சென்டிமீட்டர் கூண்டில் இறங்காது. எந்த நிறுவனத்தில் போனாலும் சிக்காமல் இருக்க 55, 35, 20 என்ற அளவுக்குள் வாங்குங்கள். அகத்தித் தீவுக்குப் போகிற ஏ.டி.ஆர். மாதிரியான சிறு விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டியே சின்னது. அங்கே இன்னும் சிறிய பைதான் நல்லது.

“கேபின் அப்ரூவ்டு” என்று பையில் தொங்குகிற அட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அப்படி அங்கீகாரம் கொடுக்கும் அலுவலகம் உலகத்தில் எங்கும் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2015 ஜூனில் ஒரு பொது அளவைக் கொண்டுவரப் பார்த்தது. அமெரிக்காவில் கிளம்பிய எதிர்ப்பில் சில நாட்களிலேயே அதைக் கிடப்பில் போட்டுவிட்டது. எனவே அந்த அட்டையில் இருப்பது கடைக்காரர் வாக்கு, அவ்வளவே. எர்ணாகுளம் பிராட்வேயில் கேட்டுப் பாருங்கள், “எல்லா ஃப்ளைட்டிலயும் கேறும் சேட்டா” என்பார்கள். கேறும்தான். சரக்கு அறையில்.

லிட்டர் கணக்கையும் நம்பாதீர்கள். 55, 40, 20 பெருக்கினால் 44 லிட்டர். அதற்காக 40 லிட்டர் என்று போட்ட பையெல்லாம் உள்ளே போகும் என்று அர்த்தமில்லை. மலையேற்றப் பை 40 லிட்டர் என்றாலும் ஒல்லியாக, உயரமாக இருக்கும். உள்ளே அலுமினியச் சட்டம் இருந்தால் மடங்கவும் மடங்காது.

அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. வெறும் பையை அளக்கக் கூடாது. ஊருக்குப் போவதற்கு எப்படி நிரப்புவீர்களோ அப்படி நிரப்புங்கள், பக்கப் பையில் தண்ணீர் பாட்டிலோடு. சுவரோரமாக நிமிர்த்தி வைத்து, மேலே பிள்ளைகளின் பரீட்சை அட்டையைப் படுக்கையாக வைத்து, தரையிலிருந்து அட்டை வரை டேப் பிடியுங்கள். பையைத் திருப்பிப்போட்டு இதேபோல அகலமும் தடிமனும். முன்பக்க ஜிப் பை உப்பினால் 20 என்பது 26 ஆகிவிடும். வாரும் கைப்பிடியும் கணக்கில் சேரும். கடைக்குப் போகும்போதே தையற்காரர் டேப் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். அங்கே நிரப்பிப் பார்க்க முடியாது, அதனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைவாகவே எடுங்கள்.

எடைதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. நல்ல கெட்டியான பை ஒன்றே ஒன்றரைக் கிலோ இருக்கும். அலுவலக லேப்டாப், சார்ஜர் சேர்த்து இரண்டரை. மிச்சம் மூன்று கிலோவில்தான் துணி, செருப்பு, சிப்ஸ் எல்லாம். வீட்டில் எடை பார்க்கும் கருவியில் பையோடு ஏறி நின்று, பிறகு பையில்லாமல் நின்று கழித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. கூடுதல் எடைக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் ஒரு விலை, வாசலில் நின்று கட்டினால் வேறு விலை.

ஆன்லைனில் வாங்கி ஏமாந்தவர்கள் “போனால் போகட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் விடவிருந்தேன். 55 என்று போட்டு விற்ற பை கையில் வந்தபோது 59 இருந்தது. விற்றவர் “துணிப் பை அப்படித்தான் சார்” என்றார். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. விற்பனைத் தளம் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். டேப்பைப் பை மேல் வைத்து ஒரு படம், விளம்பரப் பக்கத்தை ஒரு படம், இரண்டையும் அந்த அலுவலருக்கு அனுப்பினேன். பணம் வந்தது. பொதுவான வாடிக்கையாளர் சேவை எண்ணில் மணிக்கணக்காகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் வராது.

இனி, எனக்கு மிகவும் பயம் தருகிற கட்டம். விமானம் நிரம்பியிருக்கிறது, மேலே இடமில்லை, “பையைக் கொடுங்க சார், கீழே போட்டுடறோம்” என்கிறார்கள். நம் ஆள் நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறார். டேக் வாங்கவில்லை!

டேக் இல்லாமல் பையைக் கொடுக்காதீர்கள். டேக் ஒட்டிய நிமிடத்திலிருந்து அது அவர்கள் பொறுப்பில் உள்ள சரக்கு. தொலைந்தாலும் கிழிந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். உங்கள் கையில் இருக்கும் வரை கதை வேறு: ஊழியர் தவறால் சேதமானது என்று நீங்கள் காட்டினால்தான் அவர்கள் பொறுப்பு. டேக் இல்லையென்றால் பையைக் கொடுத்ததற்கே அத்தாட்சி இல்லை.

டேக் இருந்தாலும் உள்நாட்டுப் பயணத்தில் பைக்கு நிறுவனத்தின் பொறுப்பு அதிகபட்சம் 20,000 ரூபாய். லேப்டாப் விலையை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் லேப்டாப், நகை, பாஸ்போர்ட், மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பவர் பேங்கைக் கட்டாயம் எடுக்க வேண்டும், அது சரக்கு அறைக்குப் போகவே கூடாது. 100 வாட் மணி வரை கையில் கொண்டுபோகலாம். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட் மணிதான், பயப்பட வேண்டாம். அளவு அச்சாகாத மலிவு சரக்கு என்றால் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். இவற்றையெல்லாம் மடக்குத் துணிப்பை ஒன்றில் போட்டு முதுகுப்பையின் மேலாகவே வைத்திருந்தால் வரிசையில் நின்று தேட வேண்டியதில்லை.

(கொச்சி வழியாகச் சபரிமலை போகிறவர்களுக்கு: தேங்காயைக் கேபினில் அனுமதிப்பதில்லை. இருமுடித் தேங்காய்க்கு 2022-லும் 2024-லும் சீசனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். மலைக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள். கொப்பரையைச் சரக்குப் பையிலும் போடக் கூடாது.)

பை அளவுக்குள் இருந்தும் பணம் கேட்டால் சத்தம் போடாதீர்கள். கூண்டில் இறக்கிக் காட்டுங்கள், தராசில் வைக்கச் சொல்லுங்கள், எண் தெரியும்படி படம் எடுங்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத புகார் காற்றில் போகும்.

ஊருக்கு வந்ததும் விமான நிறுவனத்தின் நோடல் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், முகவரி அவர்கள் தளத்திலேயே இருக்கும். “அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்” என்று மட்டும் பதில் வந்தால், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளம். கூடவே 1915 நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

கலெக்டரேட் காக்கநாட்டிலேயே இருக்கிறதே என்று அங்கே மனுவோடு போய் நிற்கிறவர்கள் உண்டு. கலெக்டருக்கு இதில் வேலையில்லை, ஒரு நாள் சம்பளம்தான் போகும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலோ வேலை செய்யும் மாவட்டத்திலோ புகார் கொடுக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் வடக்கே எங்கோ இருக்கிறதே என்ற கவலை வேண்டாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்திலேயே பதிவு செய்யலாம். டிக்கெட், போர்டிங் பாஸ், டேக், ரசீது, படங்கள், அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றை ஒரே கோப்பாக வையுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

பை கிழிந்து வந்தால் இத்தனை அவகாசம் கிடையாது. சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார், தாமதத்துக்கு 21 நாளுக்குள். ஆனால் 7 நாள் இருக்கிறதே என்று வெளியே நடந்துவிடாதீர்கள். பெட்டி வரும் பெல்ட்டுக்கு அருகிலேயே நிறுவனத்தின் மேசை இருக்கும். அங்கே பி.ஐ.ஆர். என்ற படிவத்தைக் கேட்டு எழுதி, நகல் வாங்கிக்கொண்டே கதவைத் தாண்டுங்கள். போன மாதம் ஒரு அக்கா டாக்சியில் பையை ஏற்றும்போதுதான் ஜிப் பிளந்திருப்பதைப் பார்த்தார். திரும்ப உள்ளே போகப் பார்த்தார். வருகை வாசலில் நின்ற காவலர் விடவில்லை, விடவும் மாட்டார்.