பந்து எங்கே நின்றது? வீரர் எப்போது தளர்ந்தார்?

அமெரிக்கக் கால்பந்து அடிப்படையில் தூரத்துக்காகப் போராடும் ஆட்டம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் 10 யார்டு, அதாவது 9.144 மீட்டர், முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிரணியிடம் போய்விடும். 1912 முதல் இதுவே விதி. ஒவ்வொரு வாய்ப்பு முடிந்ததும் பந்து எந்த இடம்வரை வந்தது என்று நடுவர் கண்ணால் பார்த்துக் குறிக்கிறார். அடுத்த வாய்ப்பு அங்கிருந்து தொடங்குகிறது.

இந்த ஆட்டத்தின் ரசிகர்களிடையே ஓயாத வாதங்கள் இரண்டு. நடுவர் பந்தைச் சரியான இடத்தில் வைத்தாரா என்பது ஒன்று. வயதேறிய நட்சத்திரம் தளர்ந்துவிட்டாரா என்பது மற்றொன்று. 2025 ஜனவரி 26 அன்று கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கும் பஃபலோ பில்ஸ் அணிக்கும் நடந்த அரையிறுதிக்கு நிகரான ஆட்டம் இரண்டு வாதங்களையும் ஒரே நாளில் கிளப்பியது. கடைசிக் கால்பகுதியின் தொடக்கத்தில் பஃபலோ 22-21 என முன்னிலையில் இருந்தது. பந்தெறிந்து தாக்குதலை வழிநடத்தும் அதன் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன், நான்காவது வாய்ப்பில் தேவைப்பட்ட ஒரு யார்டுக்காகக் கூட்டத்துக்குள் பாய்ந்தார். தேவையான எல்லையைப் பந்து தொடவில்லை என்று நடுவர்கள் முடிவு செய்தனர். காணொளி மறுஆய்விலும் முடிவு மாறவில்லை. கன்சாஸ் 32-29 என வென்றது. அந்த அணியின் நட்சத்திரம் டிராவிஸ் கெல்சி, 35 வயதில், அன்று பிடித்த பந்துகள் இரண்டே; அவற்றால் சேர்ந்தது 19 யார்டு.

கண்ணுக்கு எட்டாத கணம்

பந்தைக் குறிக்கும் நடுவர் இரண்டு நிகழ்ச்சிகளை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். எதிராளி தொட்ட வீரரின் முழங்காலோ முழங்கையோ தரையில் படும் கணம் ஒன்று. அந்தக் கணத்தில் பந்தின் முன்நுனி இருக்கும் இடம் மற்றொன்று. வீரர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், பத்தில் ஒரு நொடி தவறினால்கூட அரை மீட்டர் பிசகும். பந்தின் மொத்த நீளமே ஏறத்தாழ 28 சென்டிமீட்டர்தான்.

கண்ணின் இயல்பும் இதைக் கடினமாக்குகிறது. நகரும் ஒரு பொருளுக்கு நேராக ஓர் ஒளி மின்னி மறைந்தால், நகரும் பொருள் சற்று முன்னே இருப்பதாகவே பார்ப்பவருக்குத் தோன்றும். ரோமி நிஜாவன் 1994இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த மாயத்தோற்றம் விரிவாக ஆராயப்பட்டது. முழங்கால் தரையைத் தொடுவதும் கணநேர நிகழ்ச்சியே, பந்தோ நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே அதே வகைப் பிழைக்கு இங்கும் இடமுண்டு.

அடுத்தது கோணம். பந்துக்கு நேர் பக்கவாட்டில் நிற்பவருக்கே அதன் இடம் சரியாகத் தெரியும். ஓரடி முன்னோ பின்னோ நின்றாலும் பந்தும் கோடும் இடம் மாறித் தெரியும். உலகெங்கும் ஆடப்படும் கால்பந்தில், ஆஃப்சைடு தீர்ப்புகளில் நேரும் பிழைகளுக்குத் துணை நடுவர் நிற்கும் கோணமே முக்கியக் காரணம் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2000இல் காட்டினர். அமெரிக்கக் கால்பந்தில் இதனோடு மறைப்பும் சேர்கிறது. ஆலனின் பாய்ச்சலைப் போன்ற தருணங்களில் பத்துக்கு மேற்பட்ட வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழ, பந்து யார் கண்ணுக்கும் தெரியாமல் போகிறது. கேமராவுக்கும் அது தெரிவதில்லை. மறுஆய்வில் ஐயத்துக்கு இடமில்லாத சான்று கிடைத்தால்தான் முதல் தீர்ப்பை மாற்றலாம். பந்தே தெரியாத படத்தில் அத்தகைய சான்று கிடைக்காது.

நுட்பமான அளவு, தோராயமான தொடக்கம்

2025 பருவத்திலிருந்து, இந்த ஆட்டத்தின் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு, முதன்மை அளவுமுறையாக இருந்த 10 யார்டு சங்கிலிக்குப் பதிலாக ‘ஹாக்-ஐ’ கேமரா முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வோர் அரங்கிலும் ஆறு 8கே கேமராக்கள், வைக்கப்பட்ட பந்துக்கும் எல்லைக்கும் இடையிலான தூரத்தைக் கணிக்கின்றன. சங்கிலியைவிட இது விரைவானது. ஆயினும் பந்தை வைப்பது இன்றும் நடுவரின் கைதான். தொடக்கப்புள்ளி கண்மதிப்பாக இருக்கும்வரை, அதிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்தாலும் முடிவு கண்மதிப்பைவிட நம்பகமானதாக ஆகாது.

2017 முதல் பந்துக்குள் இருக்கும் மின்னணுச் சில்லும் இதைத் தீர்க்கவில்லை. அது சொல்லும் இடத்தில் சுமார் 15 சென்டிமீட்டர் வரை பிழை வரலாம். அங்குலத்தில் முடியும் தகராறுக்கு அந்த நுட்பம் போதாது. உருண்டைப் பந்து கோல் கோட்டைத் தாண்டியதா என்று கண்டறிவது எளிது. நீள்வட்டப் பந்திலோ நடுப்புள்ளி தெரிந்தால் போதாது, நுனி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். முழங்கால் எப்போது தரையைத் தொட்டது என்பதைச் சில்லு அறியவே அறியாது.

வயது உடலில் செய்வது

இனி இரண்டாவது வாதம். வேகமாகச் சுருங்கும் தசையிழைகளே பாய்ச்சலுக்கும் திடீர்த் திருப்பத்துக்கும் ஆதாரம். வயதேறும்போது முதலில் மெலிபவை அவைதாம். முப்பதுகளில் இந்த இழப்பு சிறிதே. ஆனால் உச்சநிலை விளையாட்டில் சிறிய இழப்பும் பெரிதாகத் தெரியும். நொடிக்கு 9 மீட்டர் ஓடியவரின் வேகம் 3 விழுக்காடு குறைந்தால், மூன்று நொடியில் அவர் 80 சென்டிமீட்டர் பின்தங்குவார். தடுப்பாளர் பந்தைத் தட்டிவிட அந்த இடைவெளி போதும்.

மறுபக்கம் அனுபவம் ஈடுகட்டுகிறது. ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ என்ற கணினி விளையாட்டில் 3,300-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, 24 வயதிலிருந்தே எதிர்வினை வேகம் குறையத் தொடங்குவதையும், மூத்தவர்கள் எளிய, சிக்கனமான உத்திகளால் அதைச் சமாளிப்பதையும் கண்டது. பந்து பிடிப்பவர்களில் ஜெர்ரி ரைஸ், 2002 பருவத்தில், 40 வயதை எட்டிய ஆண்டில், 1,211 யார்டு சேர்த்தார். குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 43 வயதில், பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றார். எனினும் மற்றொரு குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கின் கதை வேறு. 2013இல் 55 டச் டவுன்களுக்கு, அதாவது பந்தை எதிரணியின் இலக்குக் கோட்டில் சேர்க்கும் வெற்றிகளுக்கு, பந்தெறிந்து சாதனை படைத்தவர், இரண்டே ஆண்டில் 9 டச் டவுன், 17 பறிகொடுத்த பந்துகள் என்ற நிலைக்கு வந்தார். அதே 2015 பருவத்தின் முடிவில் அவருடைய டென்வர் அணி சூப்பர் பௌலை வென்றது. அணியின் வெற்றி வேறு, தனி வீரரின் திறன் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

கெல்சி 2016 முதல் 2022 வரை தொடர்ந்து ஏழு பருவங்களில் 1,000 யார்டைக் கடந்தவர். 2023இல் 984 யார்டில் நின்றபோதே அவர் தளர்ந்துவிட்டார் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் அந்தப் பருவத்தின் இறுதிச் சுற்றுகளில், பால்டிமோர் அணிக்கு எதிராக 11 பந்துகளைப் பிடித்து 116 யார்டு சேர்த்தார். ஓரிரு ஆட்டங்களை வைத்துச் சரிவையும் எழுச்சியையும் அறிவிப்பது ஏன் பிழை என்பதை இது காட்டுகிறது. மிக மோசமான ஆட்டத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் சராசரியை நெருங்கியதாகவே இருக்கும். அதற்கு வீரர் மாறியிருக்க வேண்டியதில்லை.

ஒரு பிடிக்குக் கிடைத்த யார்டு கூடுதல் தெளிவு தருகிறது. 2022இல் 12.2, 2023இல் 10.6, 2024இல் 8.5. மூன்று பருவங்களும் ஒரே திசையில் இறங்குகின்றன. இதிலும் வயது மட்டுமே காரணமன்று. பந்து பிடிக்கும் சக வீரர் ரஷீ ரைஸ் 2024 செப்டம்பரில் காயமடைந்து விலகியதால் தடுப்பாளர்கள் கெல்சிமீது கூடுதலாகக் குவிய முடிந்தது.

ரசிகரின் கண்ணும் நடுநிலையானதன்று. 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகள் ஆடிய முரட்டு ஆட்டத்தின் படச்சுருளை ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃபும் ஹாட்லி கான்ட்ரிலும் இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினர். டார்ட்மத் வீரர்களின் விதிமீறல்களை எண்ணச் சொன்னபோது, பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டது டார்ட்மத் மாணவர்கள் கண்டதைப்போல் இரு மடங்குக்கும் மேல். படம் ஒன்றே, பார்த்தவர்களின் சார்பு வேறு. 1954இல் வெளியான இந்த ஆய்வு சமூக உளவியலின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று.

நம்பத்தக்க தீர்ப்புக்குத் தனித்தனி அளவீடுகள் பல, நீண்ட காலத்துக்கு, ஒரே திசையைக் காட்ட வேண்டும். அந்த உரைகல்லில் கெல்சியின் தளர்ச்சி தேறுகிறது. அது ஒரே இரவில் வந்ததன்று, மூன்று பருவங்களில் மெல்ல நிகழ்ந்தது. ஆலனின் பந்து தேறவில்லை. கிடைத்திருக்கும் படங்களைக் கொண்டு அது எல்லையைத் தொட்டது என்றோ தொடவில்லை என்றோ யாராலும் நிறுவ முடியாது.