முன்பாதி ருமேனியாவுக்கு, பின்பாதி கிரேக்கத்துக்கு

இஸ்தான்புல் மிட்டாய்க் கடைகளில் ரோஜா நிறத்திலும் பச்சையிலும் சின்னச் சின்னச் சதுரங்களாக அடுக்கியிருக்கும் இனிப்புக்கு ‘லொக்கும்’ என்று பெயர். தொட்டால் விரலெல்லாம் வெள்ளைப் பொடி. கடித்தால் ஜவ்வாக இழுபடும், பன்னீர் மணக்கும், நடுவே பிஸ்தா தட்டுப்படும்.

சர்க்கரைப் பாகும் சோள மாவும்தான் இதற்கு அடிப்படை. மாவுத் துகள்கள் சூட்டில் தண்ணீரை உறிஞ்சி உப்பி, பாகைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. ஆறிய பாகு படிகமாகி நறநறக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பைச் சேர்க்கிறார்கள். அது சர்க்கரையில் ஒரு பங்கை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுவதால் படிகம் கட்டுவதில்லை. அடிப்பிடிக்காமல் நெடுநேரம் கிளறி, தட்டில் கொட்டி, நன்றாக ஆறிய பிறகுதான் துண்டு போடுவார்கள். 1777இல் தொடங்கியதாகச் சொல்லும் ஹாஜி பெகிர் கடை இஸ்தான்புல்லில் இன்றும் லொக்கும் விற்கிறது.

பெயருக்கு மூலம் அரபு மொழி. ‘ராஹத் அல்-ஹுல்கூம்’ என்றால் தொண்டைக்கு இதம். துருக்கியர் வாயில் அது ‘ரஹத் லொக்கும்’ ஆகி, பிறகு வெறும் ‘லொக்கும்’ ஆனது. உதுமானியர் ஆண்ட நாடுகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் இனிப்போடு பெயரும் போனது. அங்கேதான் அது துண்டுபட்டது.

ரஷ்யர்கள் ‘ரகாத்-லுக்கும்’ என்று முழுசாக வைத்துக்கொண்டார்கள். செர்பியர்கள் இரண்டையும் நெருக்கி ‘ராட்லுக்’ ஆக்கினார்கள். கிரேக்கர்களுக்குப் பின்பாதி போதும்: ‘லுக்கூமி’.

ருமேனியர்கள் எடுத்துக்கொண்டது முன்பாதி, ‘ரஹாத்’. பண்டிகைக்குச் சுடும் கொசொனாக் ரொட்டிக்குள் துண்டு துண்டாக வைப்பதும் ரஹாத்தான். மலத்துக்கு இடக்கரடக்கலாக வந்து, கோபத்தில் வசவாக விழுவதும் ரஹாத்தான்!

ஆங்கிலேயர்களோ இரண்டு பாதியையும் விட்டுவிட்டு, ‘டர்க்கிஷ் டிலைட்’ என்று புதுப் பெயர் சூட்டினார்கள். 1870இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதி முடிக்காமல் விட்ட கடைசி நாவலில் இது ‘லம்ப்ஸ் ஆஃப் டிலைட்’ என்று வருகிறது. 1950இல் வெளிவந்த முதல் நார்னியா சிறுவர் கதையில் வெள்ளைச் சூனியக்காரி சிறுவன் எட்மண்டை மயக்குவது இதைக் கொடுத்துத்தான். பிரிட்டனில் அப்போது மிட்டாய்க்கும் ரேஷன்; அது நீங்கியது 1953இல்.

சைப்ரஸில் பாஃபோஸ் நகரையடுத்த யெரோஸ்கிப்பு ஊர் லுக்கூமிக்குப் பேர்போனது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் பெட்டிகளில் ‘டர்க்கிஷ்’ இருக்காது. அந்த இடத்தில் ‘சைப்ரஸ் டிலைட்’ என்று அச்சிட்டிருப்பார்கள். துருக்கி வழி வந்த ‘லுக்கூமி’ மட்டும் அப்படியே நிற்கிறது.