பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: போடும் முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸரையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. 2017-க்கு முன் வாங்கிய லேப்டாப்புகள் பொதுவாக இந்தப் பரீட்சையில் தேறாது.

மேற்குத் தாம்பரத்திலோ சேலையூரிலோ ஒரு சர்வீஸ் கடையில் கேட்டால் "புதுசு வாங்கிடுங்க சார்" என்பார்கள். இல்லையென்றால் "இதுலயே லெவன் போட்டுத் தரேன்" என்பார்கள். இரண்டாவது நடக்கிற காரியம்தான். ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. லினக்ஸ் என்ற மூன்றாவது வழியைக் கடைக்காரர் அநேகமாகச் சொல்ல மாட்டார். நாமாகத்தான் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் லினக்ஸ் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. அப்துல் கலாமும் சுஜாதாவும் படித்த எம்ஐடி அங்கேதான் இருக்கிறது. 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்காக மத்திய அரசு ஒரு தேசிய வள மையத்தைத் தொடங்கியபோது, அந்தப் பொறுப்பு சென்னை சி-டாக் நிறுவனத்துக்கும் எம்ஐடி வளாகத்தில் இயங்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையத்துக்கும் போனது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வேலை செய்யும்படி சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு சேர்த்து இந்த பாஸையும் போட்டுக் கொடுத்தார்கள். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகள் விண்டோஸைத் தொட்டார்கள். பிறகு என்றைக்கோ கடையில் ஃபார்மட் அடித்தபோது பாஸ் இருந்த இடம் தெரியாமல் போனது. சொல்லிக்கொடுக்க வீட்டிலும் பள்ளியிலும் ஆள் இல்லாததுதான் இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல் மட்டுமே. ஹார்டுவேரை ஆட்டிவைக்கும் உட்பகுதி அது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. மெனு, பிரௌசர், ஆபீஸ் மென்பொருள் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துப் பல குழுக்கள் பல பெயர்களில் தொகுத்துத் தருகின்றன. அவற்றுக்கு டிஸ்ட்ரோ என்று பெயர். எது நல்லது என்று வீடியோ பார்த்துப் பார்த்தே மாதக்கணக்கில் பொழுதைக் கழிப்பவர்கள் உண்டு. புதிதாக வருபவருக்கு என் சிபாரிசு லினக்ஸ் மின்ட். விண்டோஸ் மாதிரியே கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு. 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் வரும். ரேம் 8 ஜிபி இருந்தால் சின்னமன், 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

யோசிக்க வேண்டியது வேறு: அந்தக் கணினியில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?

டேலியில் கணக்கு எழுதுகிறவர் மாறக் கூடாது. போட்டோஷாப், கோரல்டிரா, பேஜ்மேக்கர் வைத்துப் பிழைக்கும் டிடிபி கடை, ஆட்டோகேட் படிக்கும் மாணவர், இவர்களுக்கும் அதே பதில்தான். ஒயின் என்றொரு மென்பொருள் மூலம் சில விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட முடியும் என்பது உண்மை. மார்ச் 31-க்கு முந்தின வாரம் அதை நம்பி உட்கார முடியாது என்பதும் உண்மை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைத்தாலும், அரசு போர்ட்டல்கள் கேட்கும் கையெழுத்து மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மற்றபடி பிரௌசருக்குள் நடக்கும் வேலைகளான ரயில் டிக்கெட், பட்டா, நெட் பேங்கிங், யூடியூப், கூகுள் மீட், வாட்ஸ்அப் வெப் எல்லாம் அப்படியே நடக்கும். பெரும்பாலான வீடுகளில் கணினி இதற்குத்தான் பயன்படுகிறது.

அடுத்தது பிரின்டர். கேனான் எல்பிபி 2900 என்ற சின்ன லேசர் பிரின்டர் நம்மூர் ஆபீஸ்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் மூலைக்கு மூலை இருக்கும். உழைக்கும் மெஷின்தான். ஆனால் கேப்ட் என்ற தனி முறையில் அது கணினியோடு பேசுகிறது. லினக்ஸில் அதை ஓடவைப்பது அனுபவசாலிகளுக்கே தலைவலி. எச்பி எம்1005 வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள். எச்பிலிப் என்ற மென்பொருள் அதை அடையாளம் கண்டு, கூடுதலாக ஒரு பிளக்-இன்னை இறக்கிக்கொண்டு பிரின்ட் எடுத்துவிடும். வீட்டில் இருப்பது எந்த மாடல் என்று எழுதிக்கொண்டு, அதற்கு லினக்ஸ் ஆதரவு உண்டா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

இந்த இரண்டிலும் சிக்கல் இல்லை என்றால், ஹார்டு டிஸ்கைத் தொடாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி கிடைக்கும் மொபைல் பேக்கில் இது ஒரே நாளில் இறங்காது, வீட்டு பிராட்பேண்டில் போட்டுவிடுங்கள். இறங்கிய கோப்பை அப்படியே காப்பி செய்தால் பென்டிரைவ் பூட் ஆகாது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். அப்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

பிறகு பென்டிரைவைச் செருகி, விண்டோஸில் ஷட்டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் சீக்கிரம் எழுந்திருப்பதற்காகப் பாதி உறக்கத்தில் படுக்கும். கம்பெனி லோகோ தெரியும்போது டெல், லெனோவோ என்றால் எஃப்12 விசை, எச்பி என்றால் எஸ்கேப் அழுத்தி எஃப்9. வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் மின்ட் திரை வந்துவிடும். வைஃபை பிடிக்கிறதா, பாட்டு கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து எடை போடாதீர்கள். சில பிராட்காம், ரியல்டெக் சில்லுகளுக்கு வைஃபை உடனே வராது. பயப்பட வேண்டாம். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் லினக்ஸ் உடனே நெட்டைப் பிடித்துக்கொள்ளும். மின்ட்டில் இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் டிரைவர் காட்டினால் இறக்கிக்கொள்ளலாம்.

நிறுவ முடிவு செய்தால் முதல் வேலை பேக்கப். கல்யாண போட்டோ, மார்க் ஷீட் ஸ்கேன், வேலை கோப்புகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் எடுத்து, அவை திறக்கின்றனவா என்று வேறொரு கணினியில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பிட்லாக்கர். பல லேப்டாப்புகளில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதன் ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி எழுதி வைக்காமல் பார்ட்டிஷனில் கை வைத்தால் விண்டோஸுக்குத் திரும்ப முடியாமல் போகலாம். நிறுவும்போது 'டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு', 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்ற பொருளில் இரண்டு வழிகள் வரும். முதல் தடவை இரண்டாவதையே எடுங்கள். சில மாதம் விண்டோஸைத் தொடவே இல்லை என்றால் பிறகு அழித்துக்கொள்ளலாம்.

இப்படி இரண்டையும் வைத்திருக்கும் சிலருக்கு ஒரு வேடிக்கை நடக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். பேட்டரி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தை வைக்கச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். விண்டோஸில் இ-கலப்பையோ என்எச்எம் ரைட்டரோ வைத்திருந்தவர்கள் இங்கே ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பைச் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி நிறுவ வேண்டும். அதில் தமிழ்99-ம் உண்டு, ஆங்கில ஒலிப்பில் அடிக்கும் முறையும் உண்டு. கீபோர்டு செட்டிங்கிலேயே தமிழ்99 என்று ஒன்று தென்படும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். க என்ற விசையை இரண்டு தடவை தட்டினால் தானாகப் புள்ளி வைத்து 'க்க' என்று தர வேண்டும், அதுதான் முழுமையான தமிழ்99. செட்டிங்கில் இருப்பது 'கக' என்றே விட்டுவிடும்.

2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். கோப்பு கெட்டுப்போகவில்லை, எழுத்துரு இல்லை என்றுதான் அர்த்தம். விண்டோஸில் இருக்கும் அந்த எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் படிக்கலாம். லதா எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு இன்னொரு ரகம். லிப்ரேஆபீஸ் அதற்குப் பதிலாக வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுத் திறக்கும். ஒரு பக்கத்தில் அடங்கிய ஜாதகம் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். யாருக்காவது அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுங்கள்.

மென்பொருள் வேண்டுமென்றால் கூகுளில் தேடி எக்ஸ்இ கோப்பை இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலானவை சாஃப்ட்வேர் மேனேஜரில் கிடைக்கும். டெர்மினலைத் திறக்க வேண்டிய நாளும் வரும். அங்கே பாஸ்வேர்டு அடிக்கும்போது சில டிஸ்ட்ரோக்களில் புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைக்காமல் முழுதும் அடித்து என்டர் தட்டுங்கள்.

வேகத்தைப் பற்றிப் பலர் மிகைப்படுத்துகிறார்கள். லினக்ஸ் இலேசானதுதான். ஆனால் குரோமில் இருபது டேப் திறந்தால் 4 ஜிபி ரேம் எந்த சிஸ்டத்திலும் திணறும். சுழலும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்கும். பழகிப் பார்க்கப் பழைய லேப்டாப்பைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்கூட வாங்கலாம். எஸ்எஸ்டியைப் பில்லும் வாரன்டியும் தருகிற கடையில் வாங்குங்கள்.

2011-ல் பாஸைத் திறந்த பிள்ளைகளுக்குக் கிடைக்காத துணை இப்போது உண்டு. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இருக்கிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் கூடுகிறது, தமிழிலேயே கேட்கலாம். 2012-ல் தொடங்கிய கணியம் இதழ் 'எளிய தமிழில் ஜிஎன்யு/லினக்ஸ்' என்ற நூலை இலவசமாகத் தருகிறது. கேட்கும்போது "ஒர்க் ஆகல" என்று மட்டும் எழுதாதீர்கள். லேப்டாப் மாடல், மின்ட் பதிப்பு, திரையில் வந்த செய்தியின் போட்டோ மூன்றையும் சேர்த்து அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும்.

நிறுவி முடித்த பிறகு அந்த பென்டிரைவைச் சினிமா ஏற்ற அழித்துவிடாதீர்கள். வீட்டில் இன்னொரு கணினியில் விண்டோஸ் திறக்காமல் மக்கர் செய்தால், இதைச் செருகி உள்ளே இருக்கும் கோப்புகளை எடுக்கலாம். அதற்கும் பிட்லாக்கர் கீ தேவைப்படலாம், அதையும் இன்றே எழுதி வையுங்கள்.