பாடம் 12: கடைச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம்

பிள்ளைகளே, பசுந்தாங்கில் எந்தத் தெருவில் நடந்தாலும் இதைப் பார்த்திருப்பீங்க. டீக்கடை மேசையில் இருக்கும். மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். பழக்கடைத் தராசுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும். ஒரு சதுரக் காகிதம். அதுக்குள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் குட்டிக் குட்டிப் புள்ளிகள். மூன்று மூலைகளில் மட்டும் மூன்று பெரிய சதுரங்கள்.

இதற்குக் கியூஆர் கோடு என்று பெயர். தமிழில் விரைவுக் குறியீடு என்றும் சொல்வார்கள். இந்தப் பாடத்தில் நாம சுருக்கமாகக் 'கட்டம்' என்று சொல்வோம்.

இந்தக் கட்டம் போனிடம் எப்படிப் பேசுது? ஒரு சின்னக் கடைக்கு இதனால் என்ன லாபம்? இது எப்போ நம்மை ஏமாற்றும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குறி என்றால் என்ன?

துணி வெளுக்கிறவர்கள் ஒவ்வொரு வீட்டுத் துணியிலும் ஒரு சின்னக் குறி போடுவாங்க. காலரின் உள்பக்கம் இரண்டு புள்ளி, ஒரு கோடு, அவ்வளவுதான். நமக்கு அது வெறும் மைக்கறை. ஆனால் அவருக்கு மட்டும் அது யார் வீட்டுச் சட்டை என்று தெரியும். நூறு வீட்டுத் துணியும் ஒன்றாகக் கலந்தாலும் சரியாகப் பிரித்துவிடுவார்.

குறி என்றால் இதுதான். தெரிந்தவர் மட்டும் படிக்கக்கூடிய சுருக்க எழுத்து.

கடைப் பொருள்களிலும் இப்படி ஒரு குறி உண்டு. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. கறுப்புக் கோடுகள் வரிசையாக நிற்கும். அதன் பெயர் பட்டைக் கோடு. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ஒரு கடையில்தான் இப்போது நாம் பார்க்கும் வகைப் பட்டைக் கோட்டை முதன்முதலில் இயந்திரம் படித்தது. அன்றைக்கு விற்ற பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட்!

ஜப்பானில் பிறந்த கட்டம்

பட்டைக் கோட்டில் ஒரு குறை இருந்தது. அதில் ஏறக்குறைய 20 எழுத்துதான் அடங்கும். ஜப்பானில் டென்சோ என்ற நிறுவனம் கார்களுக்கான உதிரிப் பாகங்கள் செய்கிறது. அங்கே ஒரே பெட்டியில் பல பட்டைக் கோடுகள் ஒட்ட வேண்டி வந்தது. தொழிலாளர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஸ்கேன் செய்து களைத்துப் போனார்கள்.

அங்கே வேலை பார்த்த மசாஹிரோ ஹரா என்ற பொறியாளருக்கு 'கோ' விளையாட்டு பிடிக்கும். சதுரக் கோடுகள் போட்ட பலகையில் கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் வைத்து ஆடும் விளையாட்டு அது. அந்தப் பலகை அவருக்கு ஒரு யோசனை கொடுத்தது. குறியை ஒரே வரிசையாக எழுதாமல், மேலும் கீழும் இடமும் வலமும் பரப்பி எழுதினால் என்ன? அப்படி எழுதினால் சின்ன இடத்தில் நிறையச் செய்தி அடங்குமே! 1994 இல் கட்டம் வெளிவந்தது.

டென்சோ இதற்குக் காப்புரிமை வாங்கியது. ஆனாலும் கட்டத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம் பணம் கேட்கவில்லை. அதனாலதான் பெரிய கார்க் கம்பெனியும் நம்ம தெருமுனைப் பூக்கடையும் ஒரே கட்டத்தைக் காசு கொடுக்காமல் பயன்படுத்த முடியுது.

கட்டத்துக்குள்ளே

மிகச் சின்னக் கட்டத்தில் 21 வரிசை இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் 21 புள்ளி. மொத்தம் 441. மிகப் பெரிய கட்டத்தில் 177 வரிசை உண்டு.

மூன்று மூலைச் சதுரங்கள் எதற்கு? "கட்டம் இங்கே இருக்கு, இந்தப் பக்கம்தான் மேல்" என்று போனுக்குச் சொல்லத்தான். சதுரத்தின் நடு வழியாக ஒரு கோடு போட்டால் கறுப்பு 1, வெள்ளை 1, கறுப்பு 3, வெள்ளை 1, கறுப்பு 1 என்று வரும். விளம்பரத் தாள், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று பலவற்றையும் அலசி, அவற்றில் மிகக் குறைவாக வரும் அளவு இதுதான் என்று ஹராவின் குழு கண்டுபிடித்தது. அதனால் போன் வேறு எதையும் கட்டம் என்று நினைத்து ஏமாறாது. நீங்க போனைச் சாய்த்துப் பிடித்தாலும், தலைகீழாகப் பிடித்தாலும் அது சரியாகப் படிக்கும்.

கட்டத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் இருக்கும், கவனித்தீங்களா? 4 புள்ளி அகலமாவது அது இருக்கணும். அழகாக இருக்கட்டும் என்று அந்த ஓரத்தில் பூ வரைந்தால் போன் குழம்பிவிடும்.

இன்னொரு விந்தையும் இருக்கு. கட்டத்தில் கொஞ்சம் அழுக்குப் பட்டாலும், கொஞ்சம் கிழிந்தாலும் பல நேரம் படிக்க முடியும். ஏனென்றால், செய்தியோடு சேர்த்து அதைச் சரிபார்க்கும் கணக்கும் உள்ளே இருக்கு. ரீட், சாலமன் என்ற இரண்டு பேர் 1960 இல் கொடுத்த கணக்கு இது. கீறல் விழுந்த பாட்டு சிடி நிற்காமல் பாடுவதும் இதனால்தான். கட்டத்தை உருவாக்கும்போது நான்கு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் நிலையில் சுமார் 7 விழுக்காடு சேதத்தைத் தாங்கும். கடைசி நிலையில் சுமார் 30 விழுக்காட்டைத் தாங்கும்.

தமிழுக்கு இடம் அதிகம் வேணும்

கணினி எழுத்துகளைப் பைட் என்ற அளவில் எண்ணும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் 'க' என்று எழுத 3 பைட் வேணும். 'கா' என்றால் 'க' தனி, துணைக்கால் தனி. ஆக 6 பைட்.

'பசுந்தாங்' என்ற நம்ம ஊர்ப் பெயரை எண்ணிப் பார்ப்போமா? ப, ச, உகரக் குறி, ந, புள்ளி, த, துணைக்கால், ங, புள்ளி. மொத்தம் 9 துண்டு. 9 முறை 3, 27 பைட். இதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 10 பைட்தான்.

மிகச் சின்னக் கட்டத்தில் 17 பைட் வரைக்கும்தான் எழுத்துகள் அடங்கும். ஆகவே தமிழில் 'பசுந்தாங்' என்று எழுத அடுத்த அளவுக் கட்டம் வேணும். தமிழ் எழுதக் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை! நீளமாக எழுதினால் புள்ளிகள் பெருகும், பொடியாகும், பழைய போனுக்குப் படிக்கக் கஷ்டமாகும். அதனால் கட்டத்துக்குள்ளே சுருக்கமான முகவரியை வையுங்க. தமிழையும் பர்மியத்தையும் கட்டத்துக்கு வெளியே, பெரிய எழுத்தில், மனிதர்கள் படிக்கிற மாதிரி எழுதுங்க.

இட்லிக் கடைக்கு ஒரு கட்டம்

இப்போ நம்ம தெருவில் ஒரு சின்ன இட்லிக் கடை இருக்குன்னு வச்சுப்போம். கடைக்கார அக்கா சுவரில் ஒரு கட்டம் ஒட்டுகிறார். பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. வருகிறவர்கள் என்ன கேட்பாங்க?

"அக்கா, இது காசு கட்டவா, சாப்பாட்டுப் பட்டியலா?"

"பட்டியல்தான் தம்பி. காசுக்கு வேற கட்டம், அது உள்ளே இருக்கு."

நாள் முழுக்க இதையே சொல்லணும்! கேட்கக் கூச்சப்படுகிறவர் பேசாமல் போய்விடுவார். பசுந்தாங் கடைகளில் கேபிஇசட் பே, வேவ் பே போன்ற பணக் கட்டங்களை மக்கள் ஏற்கெனவே பார்த்துப் பழகியிருக்காங்க. அதனால் கட்டம் என்றாலே பணம் என்றுதான் நினைப்பாங்க. எனவே முதல் விதி இது: கட்டம் என்ன செய்யும் என்று பக்கத்தில் எழுதணும். 'இன்றைய சாப்பாடும் விலையும் பார்க்க' என்று பர்மிய மொழியிலும் தமிழிலும் எழுதினால் போதும்.

பட்டியலைக் கட்டத்தில் வைப்பதில் என்ன லாபம்? விலை மாறும்போதெல்லாம் புதுத் தாள் அச்சடிக்க வேண்டாம். கட்டத்தில் இருப்பது கடையின் இணையப் பக்கத்து முகவரி மட்டும்தான். பக்கத்தில் விலையை மாற்றினால் போதும், சுவரில் உள்ள கட்டம் அப்படியே இருக்கும். பொட்டலம் கட்டும் பையிலும் அதே கட்டத்தை ஒட்டலாம். வீட்டுக்குப் போனவர் அடுத்த வாரம் அங்கிருந்தே பட்டியலைப் பார்ப்பார்.

தமிழ்நாட்டில் 2018 இல் வந்த புதிய பள்ளிப் பாடநூல்களில் இதே முறையைத்தான் பின்பற்றினார்கள். பக்கத்தில் உள்ள கட்டத்தை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும்.

கட்டம் செய்யும்போது இன்னும் நாலு விஷயம் பார்க்கணும்.

1. நேர்வழியா, சுற்றுவழியா? சில தளங்கள் கடையின் முகவரியை நேராகக் கட்டத்தில் வைக்கும். அந்தக் கட்டத்துக்குக் காலக்கெடு இல்லை. வேறு சில தளங்கள் தங்கள் முகவரியை வைத்து, அங்கிருந்து கடைக்கு அனுப்பும். அதில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணலாம், போகும் இடத்தைப் பிறகு மாற்றவும் செய்யலாம். ஆனால் மாதக் கட்டணம் நின்றால் கட்டமும் செத்துவிடும். 500 அட்டை அச்சடித்த பிறகு அப்படி ஆனால் அத்தனையும் குப்பைதான். சின்னக் கடைக்கு நேர்வழியே நல்லது.

2. அளவு. தூரத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வச்சுக்கலாம். 30 செ.மீ. தள்ளி நின்று பார்க்கிற கட்டம் 3 செ.மீ. இருக்கணும். 2 மீட்டர் தள்ளி என்றால் 20 செ.மீ. வேணும்.

3. மழை. யாங்கோனில் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை மழைதான். மை கரையாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போடணும். உறை பளபளத்தால் வெளிச்சம் பட்டுப் போன் திணறும். அதனால் நிழலான இடத்தில் ஒட்டுங்க.

4. கரண்டும் நெட்டும். இணையப் பக்கம் திறக்க நெட் வேணும். ஆனால் கட்டத்தைப் படிக்க நெட் வேண்டாம்! உள்ளே கடையின் போன் எண்ணை வைத்தால், நெட் இல்லாத நேரத்திலும் எண் வரும், தொட்டால் அழைப்பு போகும். அதனால் 'போன் செய்ய' என்று இரண்டாவதாக ஒரு கட்டம் வைப்பது நல்லது.

கண்ணால் படிக்க முடியாத எழுத்து

துணிக் குறியை அதைப் போட்டவராவது படிப்பார். கட்டத்தை அச்சடித்த கடைக்காரராலும் கண்ணால் படிக்க முடியாது. ஒரு கட்டத்துக்கு மேல் வேறொரு கட்டத்தை ஒட்டினால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். திருடர்களுக்கு இது வசதி.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வண்டி நிறுத்தக் கட்டணம் செலுத்தும் 29 இயந்திரங்களில் போலிக் கட்டங்கள் ஒட்டியிருப்பது தெரியவந்தது. 2025 ஜனவரியில் இந்தியாவில் கஜுராஹோ என்ற ஊரிலும் இது நடந்தது. யாரோ இரவில் வந்து பல கடைகளின் பணக் கட்டங்களை மாற்றிவிட்டார்கள். மறுநாள் ஒரு மருந்துக்கடையில் பணம் கட்ட வந்தவர், தன் போனில் வேறு பெயர் வருவதைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

திருட்டைப் பிடித்தது எது? பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பணம் அனுப்பும் முன் ஒருவர் பெயரைப் படித்தார், அவ்வளவுதான். சின்னக் கடையில் ஒரு நாள் வரவு வேறு யாருக்கோ போனால், மறுநாள் அரிசி உளுந்து வாங்கவே கஷ்டமாகிவிடும். அதனால் இதை விளையாட்டாக நினைக்கக் கூடாது.

கடைக்காரர் செய்ய வேண்டியது: காலையில் கடை திறந்ததும் தன் கட்டத்தைத் தானே ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கணும். ஓரத்தை நகத்தால் தடவி, மேலே வேறு தாள் ஒட்டியிருக்கா என்றும் பார்க்கணும். பணக் கட்டத்தைத் தெருப் பக்கம் விடாமல், கைக்கு எட்டும் இடத்தில் வைக்கணும்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது: போனில் வரும் பெயரை வாய்விட்டுப் படிக்கணும். "அண்ணே, இந்தப் பேருதானே?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

உங்க தாத்தா பாட்டிக்குக் கடை இருந்தால் காலை வேலையை நீங்களே எடுத்துக்கலாம். அவங்களுக்குப் போன் எழுத்து பொடியாகத் தெரியும். நீங்க பெயரைப் படித்துச் சொல்லுங்க.

சொல் அறிவோம்

குறி – அடையாளம், சுருக்க எழுத்து
உதிரிப் பாகம் – இயந்திரத்தின் தனித் துண்டு
காப்புரிமை – கண்டுபிடித்தவருக்குச் சட்டம் தரும் உரிமை
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
வரவு – கையில் வந்து சேரும் பணம்
போலி – உண்மை போலத் தோன்றும் பொய்ப் பொருள்

செய்து பார்ப்போம்

1. ஒரு கட்டத்தின் மூலைச் சதுரத்தைப் பெரிதாக வரையுங்கள். 1, 1, 3, 1, 1 சரியாக வருகிறதா என்று எண்ணுங்கள்.
2. உங்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள். அதற்கு எத்தனை பைட் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.
3. உங்கள் தெருவில் ஐந்து கடைகளின் கட்டங்களைப் பாருங்கள். எத்தனை கட்டங்களுக்குப் பக்கத்தில் அது எதற்கு என்று எழுதியிருக்கிறது?
4. ஒரு பூக்கடைக் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய வாக்கியத்தைத் தமிழில் எழுதுங்கள். ஆறு சொற்களுக்குள் இருக்க வேண்டும்.
5. பணம் கட்டும்போது வேறு பெயர் வந்தால் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வீர்கள்? நண்பரோடு பேசிப் பழகுங்கள்.