பயம் முன்னே, செய்தி பின்னே

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை சுனாமி வந்தபோது, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் தடுப்புச் சுவரும் அதன் கீழே கொட்டியிருந்த பாறைகளும் பழைய நகரத்தைக் காத்தன. வீராம்பட்டினம் போன்ற மீனவக் கிராமங்களுக்கு அந்தக் காவல் இல்லை. யூனியன் பிரதேசத்தில் சுமார் 600 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் காரைக்கால் பகுதியினர்.

நான்கு நாள் கழித்து, வியாழனன்று, இன்னொரு அலை வருகிறது என்ற பேச்சு கிளம்பியது. கிளப்பியது தெருவில் போன யாரோ அல்ல. மத்திய உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் கரையோர மக்கள் கைக்குக் கிடைத்ததை வாரிக்கொண்டு ஓடினார்கள். நிவாரண வேலைகள் பாதியில் நின்றன. எல்லாவற்றுக்கும் மூலம், அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்று சொன்ன ஆரூடம். பூகம்பம் இன்ன நாளில் வரும் என்று சொல்லும் திறன் இன்றுவரை எந்த அறிவியலுக்கும் கிடையாது. அன்றே அறிவியல் அமைச்சர் கபில் சிபல் அதை வெற்றுப் பிதற்றல் என்று மறுத்தார். அலையும் வரவில்லை.

ஓடியவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குள் நடந்தது என்ன என்பதற்கான தடயம் எழுபது ஆண்டு முன்பே, இந்த நாட்டு மண்ணிலிருந்தே கிடைத்திருந்தது.

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் திரட்டி, 1935-இல் ஆய்வாக வெளியிட்டார். பாட்னா நகரம் குறித்த நாளில் அழிந்துபோகும், சந்திர கிரகணத்தன்று மறுபடி பூமி அதிரும் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். நடுக்கத்தை உணர்ந்தும் பேரழிவைக் கண்ணால் காணாத மக்களிடையே இவை செழித்தன. பிறகு துர்கானந்த் சின்ஹா டார்ஜிலிங் நிலச்சரிவை ஆராய்ந்தார். இடிபாடுகளுக்கு நடுவே இருந்தவர்களிடம் இப்படிப்பட்ட மிகை வதந்திகள் காணப்படவில்லை என்று 1952-இல் எழுதினார்.

பயந்துபோன மனிதனுக்கு ஆறுதலான வதந்திதானே வேண்டும், மேலும் பயமுறுத்தும் வதந்தி எதற்கு? அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் இந்தப் புதிரில் சிக்கிக்கொண்டார். அவர் கண்ட விடை எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. கண்ணெதிரே வீடு இடிந்தவனின் பயத்துக்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. வீடு இடியாதவனுக்கோ நடுக்கம் மட்டும் உடம்பில் தங்கிவிட்டது, காட்ட ஒரு காரணமில்லை. அந்தப் பயத்துக்கு ஈடான ஆபத்து ஒன்று இருந்தாக வேண்டும் என்று மனம் தேடுகிறது. வதந்தி அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. இதிலிருந்து கிளைத்ததே 1957-இல் அவர் முன்வைத்த அறிவுசார் முரண்பாட்டுக் கோட்பாடு.

பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. பீகார் அதிர்ந்த ஒன்பதாம் நாள் திருநெல்வேலியில் பேசிய காந்தியடிகள், தீண்டாமை என்ற பாவத்துக்கு வந்த தண்டனை இது என்றார். தாகூர் கடுமையாக மறுத்தார். அடுத்த மாதம் புதுச்சேரிக்கும் வந்த காந்தி தீண்டாமைக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தன் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த துயரத்தையே அவர் பூகம்பத்தின் காரணமாகக் கண்டார். அந்தத் துயரம் உண்மை. காரணம் மட்டும் தவறு.

பீகார் தந்த விடையைக் கொண்டு இன்றைய அமெரிக்காவைப் பார்க்கலாம். பிள்ளை எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருத்தப்படுவீர்களா என்று 1960-இல் கேட்டபோது, ஆம் என்றவர்கள் இரு கட்சியிலும் சுமார் 5 சதவீதம். 2010-இல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர். சம்பந்தம் பேசும்போது சாதி பார்க்கும் நமக்கு இதன் கனம் சட்டென்று புரியும். இந்த வெறுப்பும், தங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்ற குமைச்சலும் முதலில் ஊறிக்கிடந்தன. 2020 தேர்தல் திருடப்பட்டது என்ற பேச்சு பிறகு வந்தது. 60-க்கும் மேற்பட்ட வழக்குகள் தோற்றும் அது ஓயவில்லை. 2021 ஜனவரி 6 அன்று கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. வழக்கில் கேட்கப்பட்டது வாக்குச்சீட்டுக் கணக்கு. குமைச்சலை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

2023 மார்ச்சில் பீகார் மறுபடி கதைக்குள் வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. வேறு மாநிலத்து அடிதடிக் காட்சிகள்கூட அவற்றில் இருந்தன. ஹோலிக்கு ஊர் போகக் கூட்டம் நெரிந்த ரயில்களும், இதோ ஓடுகிறார்கள் என்பதற்குச் சாட்சியாகக் காட்டப்பட்டன. மொழி தெரியாத ஊரில், பத்துக்குப் பத்து அறையில் ஆறேழு பேராகத் தங்கி வேலை செய்பவர் மனத்தில் பயம் வீடியோ வந்த பிறகுதான் குடியேறியது என்று நான் நம்பவில்லை. அன்றாடம் காதில் விழும் வடக்கன் என்ற ஏளனம் முன்பே அதற்கு இடம் போட்டு வைத்திருந்தது.

பொய் என்று தமிழகக் காவல்துறை உடனே அறிவித்தது. வழக்குகள் பதிவாயின. ஆனால் மறுப்போடு நிற்காததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். திருப்பூரில் இந்தி பேசுவோரை வைத்து உதவி எண்கள் திறந்தார்கள். காவலர்கள் தொழிலாளர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பேசினார்கள். பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு வந்து, அவர்களை நேரில் பார்த்து, அவர்கள் மொழியிலேயே விசாரித்தது.