தாய்வீடும் தங்கவயலும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழர் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஏழாம் மாதத்தில், சில குடும்பங்களில் ஒன்பதாம் மாதத்தில், சுற்றத்தார் கூடி, கருவுற்ற மகளின் கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமமிட்டு, இரு கைகளிலும் கண்ணாடி வளையல் நிறைய அடுக்குவர். புளிசாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்சாதம் என்று கலந்த சாதங்கள் பரிமாறி, அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துச் செல்வர். இதன் உட்பொருள் யாது? பேறுகாலம் நெருங்கும்போது அவளுக்கு வேலைச் சுமை குறையவேண்டும். வாய்க்கு விருப்பமானது கிடைக்கவேண்டும். நள்ளிரவில் வலி கண்டாலும் குரல் கேட்டு எழுந்து வரத் தாய் அருகில் படுத்திருக்கவேண்டும். இந்த மூன்றையும் உறுதி செய்யவே நம் முன்னோர் இவ்வழக்கத்தை ஏற்படுத்தினர்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு இதனைக் காப்பது எளிதாக இருந்ததில்லை. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் சுரங்க வேலையை மேற்கொண்ட பின்னர், வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. அவர்களின் முதல் தலைமுறைப் பெண்களுக்குத் தாய்வீடு என்பது குடியாத்தத்திலோ, ஆம்பூரிலோ, வாணியம்பாடியை அடுத்த ஒரு சிற்றூரிலோ இருந்தது. பங்காருப்பேட்டை சென்று, அங்கிருந்து குப்பம் வழியாக ஜோலார்பேட்டை இறங்கி, அதற்கப்பால் வண்டி பிடிக்கவேண்டும். நிறைகர்ப்பிணி அப்பயணத்தை மேற்கொள்ள அஞ்சியதும், கணவனை விட்டுப் போக மனமின்றி இங்கேயே தங்கியதும் இயல்பே.

அவ்வாறு தங்கியவர்களுக்கு அச்சம் வேறொரு வடிவத்தில் காத்திருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. பூமியின் அத்தகைய ஆழத்தில் பாறை அழுத்தம் தாளாமல் திடீரென்று வெடிக்கும். ‘ஏர்பிளாஸ்ட்’ என்று அதனைச் சொல்வார்கள். அவ்வேளையில் மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் உருளும்; சுவர்கள் அதிரும். கணவன் அந்த ஷிப்டில் கீழே இறங்கியிருந்தால், வயிற்றில் பிள்ளையோடிருப்பவளின் மனம் என்ன பாடுபடும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அந்நேரத்தில் அவளுக்குத் துணை நின்றவர்கள் அடுத்த வீட்டுப் பெண்கள். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட லைன் வீடுகளில் ஒருத்தி முனகினால் மற்றொருத்தி எழுந்து வருவாள். தட்டிச் சுவருக்கு அப்பாலிருந்த அந்த அக்காளும் அத்தையும் ஆயாவுமே தங்கவயலின் தாய்வீடு ஆயினர். கம்பெனி ஆஸ்பத்திரியில் தொழிலாளர் குடும்பத்துக்குக் கட்டணமில்லாத வைத்தியமும் இருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதனோடு கம்பெனி ஆஸ்பத்திரியின் காலமும் முடிந்தது. இப்போது பல குடும்பங்களில் பிறந்தகமும் புக்ககமும் தங்கவயலிலேயே இருக்கின்றன. ஒன்று மாரிகுப்பத்தில் என்றால் மற்றொன்று ஆண்டர்சன்பேட்டையில். தாய்வீட்டின் தூரம் குறைந்தது உண்மைதான். ஆயினும் அவ்வீட்டில் பகலில் ஆள் இருப்பதில்லை. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. கணவன் போகிறான், மாமியார் போகிறார், பல இடங்களில் பெற்ற தாயும் போகிறார். நிறைமாதப் பெண் விடியல் முதல் இரவு வரை தனித்திருக்கிறாள். முற்காலத்தில் தூரமே இடையூறாயிருந்தது. இக்காலத்தில் தனிமையே இடையூறாயிருக்கிறது.

ஆகவே சகோதரிகளுக்கும் வீட்டுப் பெரியோர்களுக்கும் நாம் கூறிக்கொள்ள விரும்புவது ஒன்றே. வளைகாப்புக்கு உறவினரும் அண்டை அயலாரும் ஒரு கூரையின்கீழ் கூடுகிறார்கள். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் மூன்று வினாக்களுக்கு விடை கண்டுகொண்டு கலையுங்கள். பகலில் அவளுடன் இருப்பவர் யார்? வலி கண்டால் செல்லும் வாகனம் எது? சேரும் ஆஸ்பத்திரி எது? இவற்றுக்கு விடை இல்லாத வீட்டில் தொட்டிலும் பட்டுத்துணியும் தயாராக இருந்து பயனில்லை.

முதல் வினாவுக்கு ஒருவர் பெயரை மட்டும் சொன்னால் போதாது. திங்களன்று பெரியம்மா, செவ்வாயன்று அடுத்த வீட்டு அக்காள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். உடன் இருப்பவர் கையில் தொலைபேசியும், அதில் கணவர், தாய், ஆஷா பணியாளர் ஆகியோரின் எண்களும் இருக்கவேண்டும். இரண்டாவது வினாவுக்கு, 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். எனினும் தெருவிலுள்ள ஓர் ஆட்டோக்காரரிடமும் முன்கூட்டிச் சொல்லி வைப்பது விவேகம். மூன்றாவது வினாவை டாக்டரிடமே கேட்டுவிடவேண்டும். ராபர்ட்சன்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் நிகழலாமா, அல்லது இரத்த அழுத்தம், சர்க்கரை, முந்திய சிசேரியன், இரட்டைக் கரு போன்ற காரணங்களால் கோலாரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே முதலில் போகவேண்டுமா என்பதை அவர் சொல்வார். கோலார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. வலி வந்தபின் அங்கே அனுப்பப்படுவதைவிட, முன்பே அறிந்து புறப்படுவது நன்று.

இனி, நாள் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் எண்ணி டாக்டர் ஒரு தேதி குறிப்பார். அத்தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சில. 37 வாரம் நிறைந்த பின்னர் எந்நாளும் பேறு நிகழலாம். ஆதலால் 36ஆம் வாரத்துக்குள் எல்லா ஏற்பாடும் முடிந்திருக்கவேண்டும். 2016ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு ஆஸ்பத்திரிகளில் கருவுற்ற தாய்மார்களுக்கென இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. எடை, இரத்த அழுத்தம், இரத்தம், சிறுநீர் ஆகியவற்றைச் சோதித்துத் தாயி கார்டில் குறித்துக்கொள்ள அந்நாளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கன்னடத்தில் ‘தாயி’ என்றாலும் தமிழில் தாய் என்றாலும் பொருள் ஒன்றே. அந்த அட்டையைக் குடும்ப அட்டையைப் போலவே பத்திரமாகக் காக்கவேண்டும்.

இரத்தசோகை நம் பெண்களிடையே மிகுதி. கருவுற்ற காலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அதனை இரத்தசோகை என்பர். சோகையுள்ளவள் பேற்றின்போது ஏற்படும் இரத்த இழப்பைத் தாங்கமாட்டாள். நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது. அதனைத் தேநீருடனோ காப்பியுடனோ விழுங்கினால் சத்து உடலில் சேராது; சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதே வேளையில் உட்கொள்ளலாகாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் நன்மை அதிகம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பயறு ஆகியவை நம் அடுக்களைக்கு எட்டாத பொருள்கள் அல்ல. இரத்த வகையையும் அறிந்துகொள்ளவேண்டும். தாய் நெகட்டிவ் வகையினராக இருந்து குழந்தை பாசிட்டிவ் வகையாகப் பிறந்தால், 72 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போடவேண்டியிருக்கும். அடுத்த குழந்தையைக் காப்பது அவ்வூசியே.

சில அறிகுறிகள் கண்டால் பொழுது விடியட்டும் என்றோ, கணவர் ரயிலை விட்டு இறங்கி வரட்டும் என்றோ காத்திருத்தல் கூடாது. இரத்தப்போக்கு, வலி இல்லாவிடினும் நீர்க்குடம் உடைதல், தாங்கமுடியாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், வலிப்பு, கடுஞ்சுரம், வயிற்றில் குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய எதுவாயினும் உடனே புறப்படவேண்டும். குழந்தையின் அசைவைத் தாயைவிட நன்கறிந்தவர் ஒருவருமில்லை. “வழக்கம்போல் துள்ளவில்லை” என்று அவள் சொன்னால் வீட்டார் அதனை வீண் பயமென்று தள்ளலாகாது. வலியை வரவழைக்க ஆமணக்கெண்ணெய் கொடுப்பதையும், சூட்டுவலியா பிரசவ வலியா என்று சோதிக்கக் கஷாயம் கொடுத்துப் பொழுதைக் கழிப்பதையும் விட்டொழிக்கவேண்டும்.

பையில் வைக்கவேண்டியவை அதிகமில்லை. தாயி கார்டு, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், ஸ்கேன் அறிக்கை, தாய்க்கு மாற்றுடை, துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய மெல்லிய நூல் துணிகள் சில, குழந்தைக்குத் தொப்பி, கம்பளித் துண்டு. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தாமல் பழைய துணி சுற்றும் நம் வழக்கத்தில் நியாயம் உண்டு. கஞ்சி போட்ட புதுத்துணி இளந்தோலை உறுத்தும். பாட்டியின் பழைய சேலையில் தூளி கட்டலாம். காற்றுக்காலத்தில் சயனைடு மேடுகளிலிருந்து தூசி எழும் பகுதிகளில் வசிப்போர், அப்பக்கத்துச் சன்னலை மூடி, தாயும் சேயும் இருக்கும் அறையை ஈரத்துணியால் துடைத்து வைக்கவேண்டும்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்டவேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நோய் தடுக்கும் ஆற்றல் நிறைந்தது அப்பாலே. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால், உரைமருந்து ஒன்றும் வேண்டாம். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலுள்ள பிறந்தகத்துக்கே செல்லும் சகோதரிகள், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கடைசி வாரங்கள் வரை தாமதியாமல் முன்னதாகப் பயணம் செய்தல் நலம். தாயி கார்டையும் எல்லா அறிக்கைகளையும் உடன் கொண்டுபோய், அங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் முதல் வாரத்திலேயே காட்டிப் பதிவு செய்துகொள்ளவேண்டும். குழந்தையின் பிறப்பு எந்த ஊரில் நிகழ்கிறதோ அந்த ஊரில்தான் பதிவாகும். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. சான்றிதழை வாங்காமல் தங்கவயல் திரும்பினால், பள்ளியில் சேர்க்கும் காலத்தில் இரு மாநிலங்களுக்கிடையே அலைய நேரிடும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். பேறுகால விடுப்பு 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. அதில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்பே எடுக்க இடமுண்டு. இரு குழந்தைகள் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு 12 வாரம். இதனைக் கேட்டுப் பெறாமல், ஒன்பதாம் மாதத்திலும் ரயில் நெரிசலில் நின்றுகொண்டு போவது தனக்கும் சேய்க்கும் தீங்கு தேடிக்கொள்வதாகும். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன் உட்பட, மருந்து, உணவு, வீடு திரும்ப வாகனம் ஆகியவை 2011ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி இலவசம் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆடவர்களும் இதில் விலகி நிற்கலாகாது. தேதி நெருங்கும் வாரங்களில் இரவு வேலையை மாற்றிக்கொள்வதும், குடம் தூக்குவதைத் தாமே ஏற்பதும், மாத்திரை உண்டாயா என்று நாள்தோறும் கேட்பதும் அவர்களது கடமை. அடுத்த வீட்டில் நிறைமாதப் பெண் தனித்திருக்கிறாள் என்று அறிந்தால், பகலில் ஒருமுறை கதவைத் தட்டி, “என்னம்மா, எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா?” என்று விசாரிப்பது நம் ஒவ்வொருவருக்கும் கூடும். லைன் வீடுகளில் நம் பாட்டிமார் ஒருவருக்கொருவர் செய்த உதவி அதுவே. பிறந்தகம் தொலைவிலிருந்த காலத்தில் அவர்கள் தாமே தாய்வீடாக நின்றார்கள். அந்த நல்வழக்கத்தை நாமும் தொடர்வோமாக; வரவிருக்கும் குழந்தைகளும் அவர்தம் அன்னையரும் நலமுடன் வீடு வந்து சேர்வார்களாக.