எட்டுக்கால் பூச்சியும் ஒட்டகச் சிலந்தியும் மோதிக்கொண்டால்...



சென்ற வாரம் காப்பாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் குலை வெட்டும் பிள்ளைகள் நாலு பேர். ஒருவனின் கைத்தொலைபேசியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் மயிர் அடர்ந்த கறுத்த டாரண்டுலா, மறுபக்கம் மணல் நிறத்தில் ஓர் ஒட்டகச் சிலந்தி. எது ஜெயிக்கும் என்று பத்து வெள்ளி பந்தயம். படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அண்ணே, நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க" என்று நம்மிடம் தீர்ப்புக் கேட்டார்கள்.

சம்பளப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை என்று அலைகிற நம்மிடம் சிலந்திப் பிரச்சினையும் வந்துவிட்டது! ஆனால் நமக்கும் இந்தப் பைத்தியம் இருந்ததுதான். எண்பதுகளில் தோட்டப் பள்ளியில் படித்தபோது நம் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். உள்ளே ஒரு பச்சை இலைத் துண்டு, அதன் மேல் நகக்கண் அளவில் ஒரு சண்டைச் சிலந்தி. கறுப்பு உடம்பில் நீலமும் பச்சையுமாக மின்னும். வேலியோரச் செடிகளில் இரண்டு இலை ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில் அது இருக்கும். அறிவியல் பெயர் தியானியா பாமோயென்சிஸ் என்பதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. இரண்டு ஆண் சிலந்திகளை எதிரெதிரே விட்டால் முன்னங்கால்களை விரித்துக்கொண்டு முட்டும், தாடையோடு தாடை கோத்துத் தள்ளும். முடியாதது திரும்பி ஓடும். அதோடு சண்டை முடிந்தது, சாவது அபூர்வம். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நாம், எல்லோரும் ஒரே மைதானத்தில் கூடிய விளையாட்டு அது. வாத்தியார் தீப்பெட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்ததும் உண்டு.

சரி, பந்தயத்துக்கு வருவோம்.

முதலில் ஒன்று. ஒட்டகச் சிலந்தி என்பது சிலந்தியே அல்ல. சிலந்திக்கும் தேளுக்கும் பங்காளி முறை, அவ்வளவுதான். அதற்கு நூல் விடத் தெரியாது. பார்த்தால் பத்துக் கால் போலத் தெரியும், ஆனால் முன்னால் உள்ள இரண்டும் கால்கள் அல்ல, தடவிப் பார்க்கும் உறுப்புகள். வறண்ட நாட்டுப் பிராணி. அரபு நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவின் காய்ந்த பூமியிலும் உண்டு. நம் தோட்டங்களில் கிடையாது.

2003-ல் ஈராக் போர் தொடங்கிய பிறகு இதைப் பற்றிக் கிளம்பிய கதைகள் கொஞ்சமல்ல. முழங்கால் உயரம் இருக்குமாம், ஒட்டகத்தின் வயிற்றைக் கிழித்துத் தின்னுமாம், கத்திக்கொண்டே ஆளைத் துரத்துமாம். எல்லாம் புளுகு. பெரியதே உடம்பு ஏழு சென்டிமீட்டர் அளவுதான். ஓட்டம் மணிக்கு 16 கிலோமீட்டர், பூச்சிக்கு அது பேய் ஓட்டம். வெயிலுக்கு ஒதுங்க நிழலைத் தேடி ஓடும். பாலைவனத்தில் ஆள் நின்றால் ஆளின் நிழல், அவன் ஓடினால் நிழலும் ஓடுகிறது, இதுவும் பின்னால் ஓடுகிறது. பட்டாளத்துக்காரன் அலறியது இதற்குத்தான்!

விஷம் உண்டா? 1978-ல் அருச்சாமி, சுந்தர ராஜுலு என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் அங்குள்ள ஒரு வகைக்கு விஷச் சுரப்பி இருப்பதாக எழுதினார்கள். அதன் சாற்றைப் பல்லிகளுக்கு ஏற்றியபோது பல முடங்கிப் போயினவாம். ஆனால் அதற்குப் பிறகு அதை யாரும் உறுதிப்படுத்தவில்லை. ஆகவே அதன் ஆயுதம் தாடைதான். வாயில் இரண்டு பெரிய இடுக்கிகள், இரண்டும் தனித்தனியாக அசையும். ஒன்று பிடிக்க, மற்றொன்று அறுக்கும்.

இனி நம்மூர்க்காரன். எட்டுக்கால் பூச்சி என்று நாம் எல்லாச் சிலந்திக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டோம். டாரண்டுலா அதில் பெரிய வம்சம். மண்கரைப் பொந்திலும் மரப்பொந்திலும் நூல் விரித்துக் குடியிருக்கும். கடப்பாரை போலக் கீழ்நோக்கிக் குத்தும் இரண்டு பல், அதில் விஷம். அமெரிக்கக் கண்டத்து டாரண்டுலாக்கள் பலவும் எதிரியைக் கண்டால் வயிற்று மயிரைக் காலால் தேய்த்துப் பறக்கவிடும், கண்ணில் பட்டால் எரியும். நம் ஆசியக் கண்டத்து இனத்துக்கு அந்த வித்தை கிடையாது. அதனால்தான் இது சட்டென்று கடிக்க வருகிறது. பெண் சிலந்தி இருபது வருஷம்கூட வாழும். ஒட்டகச் சிலந்தியின் ஆயுள் பெரும்பாலும் ஒரு வருஷம்தான்.

டாரண்டுலாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. டிராக்டரின் ஹைட்ராலிக் தெரியுமல்லவா? அதுபோல உடம்புத் திரவத்தை அழுத்தித்தான் இது காலை நீட்டுகிறது. வயிறு கிழிந்து திரவம் ஒழுகினால் ஆட்டம் முடிந்தது. செத்த சிலந்தியின் கால்கள் உள்ளே மடங்கிக் கிடப்பதும் இதனால்தான். மூச்சும் அதிகம் தாங்காது. பாய்ந்து ஒரு கடி, பிறகு ஓய்வு. ஒட்டகச் சிலந்திக்கோ உடம்பு முழுக்கக் காற்றுக் குழாய், ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே நம் தீர்ப்பு இது. வெட்டவெளியில், எடை சமமாக இருந்தால், ஒட்டகச் சிலந்தி சுற்றிச் சுற்றி ஓடிக் காலைக் கத்தரித்துவிடும். பொந்து வாசலில் மோதினால் டாரண்டுலாவின் முதல் கடியே கடைசிக் கடி. ஆனால் பெரிய டாரண்டுலா எடையில் பல மடங்கு. இரண்டும் நிஜத்தில் சமமாகச் சந்திப்பதே அபூர்வம், பெட்டிக்குள் தள்ளிவிட்டால்தான் சண்டை. முதல் உலகப் போரின்போது எகிப்தில் இருந்த சிப்பாய்களும் ஒட்டகச் சிலந்திகளை மோதவிட்டுப் பணம் கட்டினார்கள். இரண்டாம் போரில் லிபியாவில் இருந்த பிரிட்டிஷ்காரர்கள் தேளோடு மோதவிட்டார்கள். காப்பார்ப் பிள்ளைகள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

தமிழனுக்கும் டாரண்டுலாவுக்கும் ஒட்டு உறவு உண்டு. இராமேசுவரத்தில் அனுமவிலாசம் கோயில் தோப்பில் கண்டெடுத்த ஒரு வகைக்கு 2004-ல் அந்தக் கோயில் பெயரையே வைத்திருக்கிறார்கள். இலங்கையில் மாங்குளம் பக்கம் 2009-ல் கிடைத்த இருபது சென்டிமீட்டர் சிலந்திக்கு, ஆய்வாளர்களுக்குக் காட்டில் வழிகாட்டிய ராஜகுமார் என்ற போலீஸ் அதிகாரியின் பெயர்.

பந்தயம் கட்டிய பிள்ளைகளுக்கு இதுவரை சொன்னது போதும். மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், புல் வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் மண்கரையில் கைவைத்தார். பொந்துக்குள்ளிருந்து கடி. கை முழங்கை வரை வீங்கிவிட்டது, தசை முறுக்கி வலித்தது. லயத்தில் எல்லோரும் "இனி பொழைக்க மாட்டா" என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் பிளேடால் கீறச் சொன்னார், இன்னொருவர் சுண்ணாம்பு தடவச் சொன்னார். தோட்டத்து டிரெசரோ, "எட்டுக்கால் பூச்சி கடிக்கு எம்.சி.யா?" என்று சிரித்துவிட்டு இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் பெரட்டுக்கு வராததால் சம்பளம் இல்லை என்றார் மண்டோர்.

இரண்டு பக்கமும் தப்பு. ஆசிய டாரண்டுலா கடித்து மனிதன் செத்ததாகப் பதிவு இல்லை. அதற்காகச் சிரிக்கிற காரியமும் அல்ல. வலியும் தசைப் பிடிப்பும் நாள்கணக்கில் இருக்கும். நாம் அவரைக் கிள்ளான் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்கள்.

வேலை செய்யும்போது வேலையால் நேர்ந்த காயம் என்றால் அது பெர்க்கேசோ காரியம், தோழர்களே. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அது. உடனே மண்டோரிடம் சொல்லுங்கள், பார்த்த சாட்சியின் பெயரையும் குறித்து வையுங்கள். நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் பெர்க்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு நாலு நாளுக்குக் குறையாமல் இருந்தால், தற்காலிக ஊனத் தொகையாகச் சராசரி தினச் சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது கிடைக்கும். இரண்டு மாத்திரையோடு வீட்டில் படுத்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அந்த அக்காவின் மனுவுக்கு மூன்று தடவை நடந்தோம், கிராணி தாளைத் தேடியே ஒரு வாரம் போனது. ஆனாலும் பணம் வந்தது.

கடித்தால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், ஐஸ் துணி வையுங்கள், மோதிரம் வளையலைக் கழற்றிவிடுங்கள். கீறக் கூடாது. மூச்சு முட்டினால் நேரே மருத்துவமனை. கடித்தது எது என்று கண்ணால் பார்க்கவில்லை என்றாலும் காத்திருக்காதீர்கள், பாம்பாகவும் இருக்கலாம். தெபுவான் குளவிக் கூட்டம் கொட்டி நம் நாட்டில் ஆள் செத்திருக்கிறான், எட்டுக்கால் பூச்சியால் அல்ல. மருந்தடித்த நம் பெண்கள் வருஷக்கணக்கில் கையுறை இல்லாமல் தொட்ட பாராகுவாட், 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்ட அந்த மருந்து, எந்தச் சிலந்தியைவிடவும் கொடியது. அதைக் கண்டு லயத்தில் யாரும் அலறியதில்லை.

பொந்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறவர்களும் உண்டு. தேவையில்லை. அது பூச்சியைத் தின்று வாழ்கிறது, நம்மைத் தேடி லயத்துக்கு வருவதில்லை.

அந்த அக்கா இப்போதும் அதே காட்டில்தான் வேலை செய்கிறார். கரைப் பக்கம் வந்தால் நீளமான கம்பால் நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கையை வைக்கிறார். தோட்டத்தில் ரப்பர் கையுறையும் கொடுத்திருக்கிறார்கள், கேட்டு வாங்கிய பிறகு. கடையில் அந்தப் பிள்ளைகள் மீதிப் படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு பிராணிகளும் கண்ணாடிப் பெட்டியின் எதிரெதிர் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. பத்து வெள்ளி யாருக்கும் இல்லை. தேநீருக்கு நாமே பணம் கொடுத்தோம்.